உடைமையும் கடனும்: போருக்குப் பிந்தைய அமெரிக்க நிறுவன விரிவாக்கம் பற்றிய ஓர் அறவியல் நோக்கு

முன்னுரை

அடமானத்தில் உள்ள வீட்டை விலைக்கு வாங்குபவர் அவ்வடமானத்தையும் சேர்த்தே வாங்குகிறார். நிலத்தை வாங்குபவர் அதனூடே அயலார்க்கு உரிமைப்பட்ட நடைவழியைத் தம் விருப்பம்போல் அடைத்துவிட இயலாது. உடைமை கைமாறும்போது அதன்மேல் ஏறியுள்ள பொறுப்புகளும் உடன்செல்லும் என்பது பல சட்ட மரபுகள் ஏற்றுக்கொண்ட நெறியாகும். ஆனால், விலைபோவது பல்லாயிரவர் உழைக்கும் ஒரு தொழில் நிறுவனமாக இருப்பின், அங்குப் பழைய உரிமையாளர் சொல்லாலும் வழக்கத்தாலும் அளித்த உறுதிகள் புதிய உரிமையாளரைக் கட்டுப்படுத்துமா? விலை கொடுத்துப் பெற்றது உடைமையை மட்டுமா, கடனையும் சேர்த்தா? இவ்வினா சட்டத்தின் எல்லைக்குள் மட்டும் அடங்குவதன்று. அது அறவியலின் அடிப்படை வினாக்களுள் ஒன்று.

இரண்டாம் உலகப் போர் முடிவுற்ற 1945ஆம் ஆண்டுக்குப் பின்னர் அமெரிக்க ஐக்கிய நாட்டில் நிகழ்ந்த பெரும் நிறுவன விரிவாக்கம் இவ்வினாவைக் கூர்மையாக எழுப்பிய களமாகும். அக்களத்தின் சில நிகழ்வுகளை முன்வைத்து, உடைமைக்கும் கடனுக்கும் உள்ள உறவை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது. 'ஆக்கம்', 'கடன்', 'பொறுப்பு' ஆகிய தமிழ்ச் சொற்களின் பொருட்பரப்பு இவ்வாய்வுக்குக் கருவியாகக் கொள்ளப்படுகிறது.

விரிவாக்கத்தின் சூழல்

போர்க்காலத்தில் பெருகிய உற்பத்தித் திறனும் போருக்குப் பின் எழுந்த நுகர்வும் அமெரிக்க நிறுவனங்களின் கையில் பெரும் பணத்தைக் குவித்தன. இயல்பாக அப்பணம் ஒரே தொழிலில் உள்ள போட்டியாளரை விலைக்கு வாங்குவதில் சென்றிருக்கும். ஆனால், 1950ஆம் ஆண்டின் செல்லர்-கீஃபாவர் சட்டம் அவ்வழியைக் குறுக்கியது. ஒரே தொழிலைச் செய்யும் நிறுவனங்களின் இணைப்பும், மூலப்பொருள் தருவோர், பொருள் விற்போர் ஆகியோருடனான இணைப்பும் இச்சட்டத்தால் கடுமையாகக் கண்காணிக்கப்பட்டன. சந்தையில் சிறு பங்கே பெறவிருந்த இணைப்பைக்கூட உச்ச நீதிமன்றம் 1962இல் பிரவுன் காலணி நிறுவன வழக்கில் தடுத்தது. இதன் விளைவாக, ஒன்றோடொன்று தொடர்பற்ற தொழில்களை ஒரே உரிமையின்கீழ்த் திரட்டும் போக்கு வளர்ந்தது. பெருமுற்றுரிமையைத் தடுக்க எழுந்த சட்டமே பல்தொழில் குழுமங்கள் தோன்ற வழிகோலியது என்பது ஈண்டுக் கருதத்தக்கது.

இப்போக்கின் முன்னோடி டெக்ஸ்ட்ரான் நிறுவனத்தை நடத்திய ராயல் லிட்டில் ஆவார். நெசவுத் தொழிலில் வேரூன்றியிருந்த அவர் 1950களில் தொடர்பற்ற பல தொழில்களை வாங்கத் தொடங்கினார். 1955இல் அமெரிக்கன் உல்லன் என்னும் நலிந்த கம்பளி நிறுவனத்தைத் தம் நிறுவனத்துடன் இணைத்தார். அதன் கடந்தகால நட்டங்கள் வருங்கால இலாபத்தின் மீதான வரியைக் குறைக்கப் பயன்பட்டன. 1963ஆம் ஆண்டளவில் டெக்ஸ்ட்ரான் நெசவுத் தொழிலிலிருந்தே வெளியேறிவிட்டது.

ஐ.டி.டி. நிறுவனத்தின் தலைமையை 1959இல் ஏற்ற ஹெரால்டு ஜெனீன், 1977 வரை முந்நூறுக்கும் மேற்பட்ட நிறுவனங்களைக் கையகப்படுத்தினார். தொலைபேசி நிறுவனமாக இருந்த ஐ.டி.டி., ஏவிஸ் வாடகைக் கார், ஷெரட்டன் தங்கும் விடுதி, லெவிட் வீட்டுக் கட்டுமானம், கான்டினென்டல் ரொட்டித் தொழில், ஹார்ட்ஃபோர்டு தீக்காப்பீடு எனப் பலவற்றை உள்ளடக்கிய குழுமமாயிற்று. டல்லாஸ் நகரில் 1947இல் சிறு மின்பணி ஒப்பந்தக்காரராகத் தொழில் தொடங்கிய ஜேம்ஸ் லிங், இருபது ஆண்டுகளில் எல்.டி.வி. என்னும் குழுமத்தை உருவாக்கினார். தம்மினும் பெரிய வில்சன் நிறுவனத்தை 1967இல் பெரும்பாலும் கடன் கொண்டு வாங்கினார். பின்னர் அதனை இறைச்சி, விளையாட்டுப் பொருள், மருந்து என மூன்றாகப் பிரித்து, அவற்றின் பங்குகளில் ஒரு பகுதியைப் பொதுமக்களுக்கு விற்றார். 1968இல் ஜோன்ஸ் அண்டு லாஃப்லின் என்னும் பெரும் எஃகு நிறுவனத்தின் 63 விழுக்காட்டுப் பங்குகளை 42.5 கோடி டாலர் ரொக்கம் கொடுத்து வாங்கினார். அக்காலத்தில் ரொக்கமாக நடந்த மிகப் பெரிய கொள்முதல்களுள் அதுவும் ஒன்று.

ஆக்கமும் கொள்ளலும்

தமிழில் 'ஆக்கம்' என்னும் சொல் படைத்தல், பெருக்கம், செல்வம் ஆகிய பொருள்களை ஒருங்கே தருகிறது. செல்வம் என்பது ஆக்கப்படுவது என்னும் கருத்து இச்சொல்லில் உறைந்துள்ளது. செய்யப்படாத ஒன்றைச் செல்வம் எனக் கருதுவதற்கு இச்சொல் எளிதில் இடந்தராது. இந்நோக்கில், பிறர் ஆக்கியதை விலைக்குக் கொள்ளுதல் ஆக்கம் ஆகுமா என்னும் வினா எழுகிறது.

1960களின் கணக்கியல் முறை இவ்வினாவை மறைக்கத் துணைபுரிந்தது. இதனை ஓர் எளிய கற்பனைக் கணக்கால் விளக்கலாம். ஒரு குழுமத்திடம் 30 இலட்சம் பங்குகளும் ஆண்டுக்கு 30 இலட்சம் டாலர் இலாபமும் உள்ளன எனக் கொள்வோம். பங்கு ஒன்றுக்கு இலாபம் ஒரு டாலர். அதன் வளர்ச்சியில் நம்பிக்கை கொண்ட சந்தை, பங்கை 30 டாலருக்கு மதிப்பிடுகிறது. மற்றொரு பழைய நிறுவனமும் அதே 30 இலட்சம் டாலர் இலாபம் ஈட்டுகிறது. ஆனால், அது வேகமாக வளராது எனக் கருதிய சந்தை, இலாபத்தின் பத்து மடங்காக, அதாவது மூன்று கோடி டாலராக மட்டுமே அதனை மதிப்பிடுகிறது. குழுமம் தன் பங்குகளில் புதிதாக 10 இலட்சத்தை அச்சிட்டுக் கொடுத்து அந்நிறுவனத்தைப் பெற்றுவிடலாம். இப்போது மொத்த இலாபம் 60 இலட்சம் டாலர். மொத்தப் பங்குகள் 40 இலட்சம். பங்கு ஒன்றுக்கு இலாபம் ஒன்றரை டாலராகிறது.

எந்த ஆலையிலும் கூடுதலாக ஒரு பொருள் செய்யப்படவில்லை. எந்தத் தொழிலாளியும் புதிய திறன் பெறவில்லை. எனினும், ஏட்டில் 50 விழுக்காடு வளர்ச்சி பதிவாகிறது. அவ்வளர்ச்சியைக் கண்ட சந்தை பங்கின் விலையை உயர்த்த, உயர்ந்த விலை அடுத்த நிறுவனத்தை வாங்கும் நாணயமாகிறது. கொள்ளல் நிற்கும் நாளில் வளர்ச்சியும் நின்றுவிடும் என்பதே இம்முறையின் உள்ளார்ந்த நலிவு. 1968ஆம் ஆண்டின் தொடக்கத்தில் லிட்டன் என்னும் புகழ்பெற்ற குழுமம் தன் காலாண்டு இலாபம் குறையும் என அறிவித்தபோது, அதன் பங்கோடு பிற குழுமங்களின் பங்குகளும் சரிந்தமை இதற்குச் சான்று.

ஆயினும், கொள்ளல் அனைத்தும் பொய்வளர்ச்சி எனக் கூறுதல் நடுநிலையாகாது. டெக்ஸ்ட்ரான் 1960இல் வாங்கிய பெல் ஹெலிகாப்டர் பிரிவு அதன்கீழ் நெடுங்காலம் செழித்தது. முதலும் மேலாண்மையும் கிட்டாத சிறு நிறுவனங்கள் பெரிய குழுமத்துள் சேர்ந்து வளர்ந்ததும் உண்டு. நிறுவன வளர்ச்சியின் எல்லையை 1959இல் ஆராய்ந்த எடித் பென்ரோஸ், அவ்வெல்லை பணத்தில் அன்று, மேலாண்மைத் திறனில் உள்ளது என நிறுவினார். திருக்குறளின் பொருட்பாலில் 'வலியறிதல்' ஓர் அதிகாரமாக அமைந்துள்ளதும், வினையின் வலிமையை எடைபோடுதலோடு அளவறிந்து செலவிடுதலும் அவ்வதிகாரத்திலேயே பேசப்படுவதும் இங்கு ஒப்பிடத்தக்கன. அவ்வதிகாரம் அரசனை நோக்கியது. பங்குச் சந்தையை அறியாதது. எனினும், ஒருவர் மேற்கொள்ளும் வினை அவர் தாங்கும் அளவினதாக இருக்கவேண்டும் என்னும் நெறி இரண்டிற்கும் பொதுவானது. எனவே, வாங்குதல் நன்றா தீதா என்பதைவிட, வாங்கியவர் எதனைத் தாங்க ஒப்புக்கொண்டார் என்பதே முதன்மையான வினாவாகிறது.

கடன் என்னும் சொல்லின் இருபொருள்

திருப்பித் தரவேண்டிய பணமும் ஆற்றவேண்டிய கடமையும் தமிழில் 'கடன்' என்னும் ஒரே சொல்லால் குறிக்கப்படுகின்றன. பொருளியலார் பிரித்துக் காணும் இவ்விரண்டையும் மொழி ஒன்றாகக் கண்டுள்ளது. இரண்டிலும் ஒருவர் மற்றொருவரிடமிருந்து ஒன்றைப் பெற்றுக்கொண்டு, அதற்கு ஈடானதைப் பின்னர்த் தர உட்படுகிறார். வேறுபாடு பதிவில்தான் உள்ளது. முதலாவது கடன்பத்திரத்தில் எழுதப்படுகிறது. இரண்டாவது பெரும்பாலும் எழுதப்படுவதில்லை.

எஃகுத் தொழிலாளரின் ஓய்வூதியம் இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது. 1949ஆம் ஆண்டின் வேலைநிறுத்தத்தின் பயனாக, நிறுவனங்களே செலவை ஏற்கும் ஓய்வூதியம் அமெரிக்க எஃகுத் தொழிலில் ஒப்பந்த உரிமையாயிற்று. இன்றைய கூலியில் ஒரு பகுதியை முதுமைக்கென ஒத்திவைக்கத் தொழிலாளர் இசைந்தனர் என்பதே இதன் பொருள். ஆதலின், ஓய்வூதியம் கொடை அன்று. ஈட்டப்பட்டுப் பின்னர்ப் பெறப்படும் கூலியாகும். ஆயின், அதற்குரிய பணம் முழுவதும் உடனுக்குடன் ஒதுக்கப்பட்டதில்லை. நிறுவனம் நிலைத்திருக்கும் என்னும் நம்பிக்கையே அதற்குப் பிணையாக நின்றது.

அப்பிணை எவ்வளவு மெலிந்தது என்பதை ஸ்டூடிபேக்கர் கார் நிறுவனம் உணர்த்தியது. சவுத் பெண்ட் நகரில் இருந்த தன் கார் ஆலையை அது 1963 டிசம்பரில் மூடியபோது, ஓய்வூதிய உரிமை பெற்றிருந்த, 40 முதல் 59 வயது வரையிலான நாலாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர் தமக்கு உரியதில் ஏறத்தாழ 15 விழுக்காடே பெற்றனர். அதற்கு முந்தைய ஆண்டுகளில் அந்நிறுவனம் கார்த் தொழிலுக்கு வெளியே பல தொழில்களை வாங்கி விரிந்திருந்தது. ஆலை மூடிய பின்னரும் நிறுவனம் வாழ்ந்தது. இந்நிகழ்வு எழுப்பிய விவாதம் 1974ஆம் ஆண்டின் ஓய்வூதியப் பாதுகாப்புச் சட்டத்திற்கும், அரசு சார்ந்த ஓய்வூதியக் காப்புறுதிக் கழகத்திற்கும் வழிவகுத்தது.

ஜேம்ஸ் லிங் எஃகு நிறுவனத்தை வாங்கியதன் விளைவும் இத்தகையதே. வாங்கப் பெற்ற கடனும், அரசு தொடுத்த முற்றுரிமைத் தடை வழக்கும், பங்குச் சந்தையின் வீழ்ச்சியும் ஒருங்கே தாக்க, அவர் 1970இல் தாம் கட்டிய குழுமத்தின் தலைமையை இழந்தார். ஆனால், எஃகு ஆலைகள் எல்.டி.வி.யிடமே நின்றன. 1986 ஜூலையில் எல்.டி.வி. திவால் பாதுகாப்பை நாடியபோது, ஓய்வுபெற்ற ஏறத்தாழ 78,000 பேரின் மருத்துவ, ஆயுள் காப்புறுதிகளை நிறுத்தியது. தொழிலாளரின் எதிர்ப்பும் நாடாளுமன்றத்தின் தலையீடும் அவற்றை மீட்டன. திவாலான நிறுவனம் ஓய்வுபெற்றோரின் காப்புறுதியைத் தானே நிறுத்திவிடாதவாறு 1988இல் தனிச்சட்டம் இயற்றப்பட்டது. ஓய்வூதியச் சுமையைக் காப்புறுதிக் கழகத்தின் தலையில் ஏற்றிவிட்டு மீண்டெழ முயன்ற எல்.டி.வி., அதனை மீண்டும் ஏற்க வேண்டும் என்னும் கழகத்தின் ஆணையை உச்ச நீதிமன்றம் 1990இல் உறுதிசெய்தது. எனினும், 2000ஆம் ஆண்டின் இரண்டாம் திவாலுக்குப் பின் ஓய்வூதியங்கள் 2002இல் அக்கழகத்தையே சேர்ந்தன. மருத்துவப் பயன்கள் அக்கழகத்தின் காப்புறுதிக்குள் அடங்காதமையால் அவ்வாண்டே முடிவுற்றன. முப்பத்துநான்கு ஆண்டுகளுக்கு முன் 42.5 கோடி டாலருக்கு நடந்த ஒரு கொள்முதலின் விலைப்பேச்சில் இடம்பெறாதவர்களே இறுதியில் அதன் சுமையைத் தாங்கினர்.

யங்ஸ்டவுன்: ஊரும் உரிமையும்

ஓய்வூதியமாவது ஒப்பந்தத்தில் எழுதப்பட்டது. எழுதப்படாத கடனின் நிலையை ஒஹாயோ மாநிலத்தின் யங்ஸ்டவுன் நகர வரலாற்றால் அறியமுடிகிறது. அந்நகரின் பெயரையே தாங்கிய யங்ஸ்டவுன் ஷீட் அண்டு டியூப் நிறுவனத்தை, நியூ ஆர்லியன்சைத் தலைமையிடமாகக் கொண்ட லைக்ஸ் என்னும் கப்பல் நிறுவனம் 1969இல் வாங்கியது. வாங்கியவர் வாங்கப்பட்டவரினும் பன்மடங்கு சிறியவர். வாங்கும் பொருட்டுப் பெற்ற கடனை எஃகு ஆலைகளின் வருவாயே அடைக்கவேண்டியிருந்தது. 1977 செப்டம்பர் 19ஆம் நாள் திங்கட்கிழமை, அந்நிறுவனத்தின் கேம்பெல் ஆலையின் பெரும்பகுதி மூடப்படும் என அறிவிக்கப்பட்டது. ஏறத்தாழ 5,000 பேர் வேலை இழந்தனர். அந்நாள் 'கருந்திங்கள்' என அவ்வூரார் நினைவில் நிலைத்துவிட்டது. மறு ஆண்டே லைக்ஸ், எல்.டி.வி.யுடன் இணைந்தது.

ஊரின் சமயத் தலைவர்களும் தொழிலாளரும் ஒன்றுகூடி ஆலையைத் தாமே வாங்கி நடத்த முயன்றனர். கூட்டரசின் கடன் உத்தரவாதம் அதற்குத் தேவைப்பட்டது. அது 1979இல் மறுக்கப்பட்டது. ஒரு கப்பல் நிறுவனம் கடன் பெற்று எஃகு ஆலையை வாங்க இயன்றது. அவ்வாலையில் உழைத்தவர்கள் கடன் பெற்று அதனை வாங்க இயலவில்லை.

அவ்வாண்டு நவம்பரில் யு.எஸ். ஸ்டீல் நிறுவனமும் அந்நகரில் உள்ள தன் ஆலைகளை மூட முடிவுசெய்தது. இது கொள்முதலால் வந்த நிறுவனம் அன்று. நெடுங்காலம் அங்கே இருந்தது. 3,500 பேரின் வேலை இதனால் பறிபோகவிருந்தது. தொழிலாளர் வழக்குத் தொடுத்தனர். ஆலை இலாபம் ஈட்டும்வரை மூடப்படாது என மேலாளர்கள் திரும்பத் திரும்பக் கூறியதை நம்பி, தாங்கள் பல விட்டுக்கொடுப்புகளைச் செய்து உழைத்ததாக அவர்கள் வாதிட்டனர். இலாபம் என்பதன் பொருளே அங்கு வழக்காயிற்று. ஆலைக் கணக்கின்படி இலாபம் எனத் தோன்றியது, நிறுவனத்தின் பொதுச் செலவுகளையும் சேர்த்துக் கணக்கிட்டபோது நட்டமாயிற்று. நிறுவனத்தின் கணக்கையே நீதிமன்றம் ஏற்றது.

இவ்வழக்கின் தொடக்க விசாரணையில் நீதிபதி தாமஸ் லாம்ப்ரோஸ் ஒரு புதிய கருத்தை எழுப்பினார். ஒரு தொழிலும் ஓர் ஊரும் பல்லாண்டு ஒன்றையொன்று சார்ந்து வாழ்ந்தபின், அவ்வுறவிலிருந்தே ஒருவகை உடைமை உரிமை தோன்றாதா என்பதே அது. ஆனால், அத்தகைய உரிமை நடப்புச் சட்டத்தில் இல்லை எனக் கண்டு, வழக்கைத் தொழிலாளர்க்கு எதிராகவே அவர் முடித்தார். மேல்முறையீட்டு நீதிமன்றமும் 1980இல் அதனை உறுதிசெய்தது. தீர்ப்பு சட்டப்படி சரியானதாக இருக்கலாம். ஆயினும், நீதிபதி எழுப்பிய வினா தீர்ப்போடு முடிந்துவிடவில்லை. யங்ஸ்டவுனின் பழைய ஆலைகளைப் புதுப்பிக்க முதலீடு செய்ய விரும்பாத அதே நிறுவனம், 1982இல் மாரத்தான் எண்ணெய் நிறுவனத்தை 600 கோடி டாலருக்கும் மேல் கொடுத்து வாங்கியது. பணம் இல்லாமை காரணமன்று. பணம் வேறு திசையை நாடியதே காரணம் என்பது இதனால் புலப்படுகிறது.

மறுப்புகளும் விடைகளும்

மேற்கண்ட நோக்குக்கு எழக்கூடிய மறுப்புகள் வலுவானவை. முதலாவது, மில்டன் ஃபிரீட்மன் 1970இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் முன்வைத்த வாதம். மேலாளர் என்பவர் பங்குதாரரின் முகவர். பிறர் பணத்தைக் கொண்டு அறம் செய்ய அவருக்கு உரிமையில்லை. இலாபத்தைப் பெருக்குவதே அவர்தம் கடமை என்பது அவ்வாதம். இவ்வாதத்தை எதிர்ப்போர் பெரும்பாலும் மறந்துவிடும் ஒரு வரம்பை ஃபிரீட்மனே விதித்துள்ளார். சட்டத்துக்கும் வழக்கில் உள்ள ஒழுக்க நெறிகளுக்கும் உட்பட்டே இலாபம் தேடப்பட வேண்டும் என்கிறார். சொன்ன சொல் காத்தல் எந்தச் சமுதாயத்திலும் வழக்கில் உள்ள ஒழுக்க நெறியே. ஆகவே, அளித்த உறுதியை நிறைவேற்றுதல் பிறர் பணத்தில் செய்யும் கொடையாகாது; அது அப்பணத்தின்மேல் முன்னரே ஏறியிருக்கும் கடனாகும். முகவர்க்குத் தம் தலைவரின் கடனை மறுக்கும் உரிமை இல்லை.

இரண்டாவது மறுப்பு, பழையன அழிந்து புதியன தோன்றுதலே முதலாளியத்தின் இயல்பு என்பது. ஜோசப் ஷும்பீட்டர் 1942இல் இதனை விளக்கினார். யங்ஸ்டவுனின் ஆலைகள் பழமையானவை. வெளிநாட்டு எஃகின் போட்டியும் புதிய தொழில்நுட்பமும் அவற்றை எவ்வாறாயினும் வீழ்த்தியிருக்கும் என்பர். இதில் உண்மை உண்டு. இயலாததைக் கடமையாக்குதல் முறையன்று. ஆயின், அழிவு தவிர்க்க இயலாதது என்பதிலிருந்து, அதன் சுமை முழுவதையும் தொழிலாளரே தாங்கவேண்டும் என்னும் முடிவு பெறப்படாது. புதுமையால் வரும் நன்மை நாடெங்கும் பரவுமாயின், அதன் விலையும் அவ்வாறே பகிரப்படுதல்தான் நேர்மை. மேலும், முதுமையால் சாயும் மரத்திற்கும் வேரில் நீர் வாராது சாய்ந்த மரத்திற்கும் வேறுபாடு உண்டு. ஆலையின் வருவாய் அதன் புதுப்பித்தலுக்குச் செல்லாமல், அதனை வாங்கப் பெற்ற கடனை அடைக்கச் சென்றதாயின், பின்னர் நிகழும் அழிவை இயற்கை எனக் கூறுதல் பொருந்தாது.

மூன்றாவது மறுப்பு, விலையைப் பற்றியது. வாங்குபவர் பழைய உறுதிகளையும் ஏற்கவேண்டும் என்றால் எவரும் நலிந்த நிறுவனத்தை வாங்க முன்வரார். ஆலைகள் விரைவில் மூடப்படும் என்பர். உண்மையில் நிகழக்கூடியது வேறு. அடமானம் உள்ள வீட்டின் விலை குறைவதுபோல், கடன் உடன்வரும் நிறுவனத்தின் விலையும் குறையும். இழப்பு விற்பவர்க்கும் வாங்குபவர்க்கும் இடையே பகிரப்படும். கடன் உடன்வராது என்னும் நிலையில், அவ்வுறுதிகளின் மதிப்பு பங்கு விலையாக மாறி விற்பவர்க்குப் போய்ச் சேருகிறது. ஆந்திரே ஷ்லைஃபரும் லாரன்ஸ் சம்மர்ஸும் 1988இல் எழுதிய ஆய்வு இதனையே சுட்டியது. கையகப்படுத்தலில் பங்குதாரர் பெறும் ஆதாயத்தின் ஒரு பகுதி, தொழிலாளர் முதலியோர்க்கு அளித்த எழுதாத உறுதிகளை மீறுவதிலிருந்து வருவதாக இருக்கலாம் என்பது அவர்தம் கருத்து. அவ்வாறாயின், அப்பகுதி ஆக்கம் அன்று. ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்குப் போன மாற்றமேயாம்.

நான்காவதாக, நிறுவனம் என்பது உயிரற்ற சட்டப் படைப்பு. அதற்குக் கடமை ஏது எனக் கேட்கலாம். பீட்டர் ஃபிரெஞ்ச் 1979இல் நிறுவனத்தையும் அறப்பொறுப்புடைய ஆளாகக் கருதலாம் என வாதிட்டார். அவ்வளவு தொலைவு செல்லாமலேயே இதற்கு விடை காணலாம். இயக்குநர்கள் மாறினும் நிறுவனம் தன் நிலத்தையும் பெயரையும் வரவேண்டிய பாக்கியையும் தனக்குரியன எனத் தொடர்ந்து உரிமை கொண்டாடுகிறது. பெறுவதில் தொடர்ச்சியை வேண்டும் ஒன்று, தருவதில் மட்டும் அத்தொடர்ச்சியை மறுத்தல் முரணாகும்.

கடனின் அளவு

உடைமையோடு கடனும் கைமாறும் என ஏற்பின், அக்கடனின் அளவு யாது? ஆலையை என்றென்றும் நடத்தவேண்டும் என்பது அதன் பொருளாகாது. மேற்கண்ட நிகழ்வுகளிலிருந்து மூன்று படிகளை வகுக்கலாம்.

முதற்படி, ஈட்டப்பட்ட கூலி. ஓய்வூதியமும் அதனொத்த பயன்களும் உழைப்பு முடிந்தபின் தரப்படும் கூலியாதலின், அவை வங்கியின் கடனுக்குப் பிற்பட்டவை அல்ல. கடன் கொடுத்த வங்கி இடரை எடைபோட்டு வட்டி பெற்றது. தொழிலாளிக்கு அவ்வாய்ப்பு இல்லை. அவர் தம் கூலியை ஒரே நிறுவனத்திடம் ஒப்படைக்கவேண்டியிருந்தது. ஆதலின், அறத்தின்படி இக்கடனே முந்தியது.

இரண்டாம் படி, உண்மையுரைத்தல். ஆலையின் நிலையை அங்கு வாழ்வோர் உரிய காலத்தில் அறியும் உரிமையுடையர். நூறு பேருக்குக் குறையாத தொழிலாளரைக் கொண்ட நிறுவனங்கள் ஆலையை மூடுமுன் 60 நாள் முன்னறிவிப்புத் தரவேண்டும் என்னும் சட்டம் 1988இல்தான் அமெரிக்காவில் இயற்றப்பட்டது. வீடு வாங்குவதா, மகனை அதே ஆலைக்கு அனுப்புவதா, வேறு ஊர் போவதா என்னும் முடிவுகளுக்கு 60 நாள் சிறிது. எனினும், அறிவித்தல் கடமை எனச் சட்டம் ஒப்புக்கொண்டது குறிப்பிடத்தக்கது.

மூன்றாம் படி, வழிவிடுதல். தாம் நடத்த விரும்பாத ஆலையை நடத்த முன்வருவோர்க்கு நேர்மையான வாய்ப்பளித்தல் இதன்பாற்படும். இது முன்னிரண்டினும் மெலிந்த கடன், சூழலுக்கேற்ப மாறுவது. ஆயினும், தமக்குப் பயன்படாததைப் பிறர்க்கும் பயன்படாமல் செய்யும் உரிமை உடைமையின் கூறாகுமா என்பது எண்ணத்தக்கது.

இம்மூன்றும் நிறைவேறாமைக்குத் தீய எண்ணம் மட்டுமே காரணம் எனல் இயலாது. தொலைவும் ஒரு காரணம். ஜெனீனின் குழுமத்தில் உலகெங்கும் உள்ள பிரிவுகளின் நிலை மாதந்தோறும் எண்களாகவே தலைமையை வந்தடைந்தது. டல்லாஸிலும் நியூ ஆர்லியன்சிலும் இருந்தோர்க்கு யங்ஸ்டவுன் ஒரு கணக்குப் பத்தி. எண்கள் உண்மையைக் கூறும். ஆனால், கேட்கப்பட்ட உண்மையை மட்டுமே கூறும். யாருக்கு என்ன வாக்களிக்கப்பட்டது என்னும் வினா அப்பத்திகளில் கேட்கப்படவில்லை.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால், போருக்குப் பிந்தைய அமெரிக்க நிறுவன விரிவாக்கத்தின் அறச்சிக்கல் பேராசையை மட்டும் பற்றியதன்று என்பது பெறப்படுகிறது. எழுதப்பட்ட கடனுக்கு ஒரு நீதியும் எழுதப்படாத கடனுக்கு வேறொரு நீதியும் வழங்கியதே அதன் மையம். 1974, 1988 ஆகிய ஆண்டுகளின் சட்டங்கள் எழுதப்படாத கடனின் சில பகுதிகளை எழுத்துக்குக் கொண்டுவந்தன. ஒவ்வொரு சட்டமும் ஓர் ஊரின் இழப்புக்குப் பின்னரே வந்தது. சட்டம் அறத்தைப் பின்தொடரும், முன்செல்லாது. அவ்விடைவெளியில் வாழ்வோரைக் காக்கவேண்டியது வாங்குபவரின் மனச்சான்றே.

'பொறுப்பு' என்னும் சொல் 'பொறு' என்னும் வினையடியாகப் பிறந்தது. பொறுத்தல் என்பது தாங்குதல். உடைமையின் பொறுப்பாளர் என்பவர் அதன் சுமையைத் தாங்குபவர். சவுத் பெண்டிலும் யங்ஸ்டவுனிலும், எல்.டி.வி.யின் ஆலைகளை நம்பியிருந்த ஊர்களிலும் உடைமை ஒருவர் பெயரிலும் சுமை மற்றொருவர் தோளிலும் இருந்தன. சொல்லின் பொருளின்படி நோக்கினால், அவ்வாலைகளின் பொறுப்பாளர் அவற்றை வாங்கியவர் அல்லர். அவற்றில் உழைத்து, அவை மூடியபின் இழப்பைத் தாங்கியவரே ஆவர். அவ்வாறாயின், உடைமை உரிமையில் அவர்க்கும் ஒரு பங்கு உண்டு என நீதிபதி லாம்ப்ரோஸ் எண்ணிப் பார்த்தது சட்டத்திற்குப் புதிதாக இருக்கலாம், அறத்திற்குப் புதிதன்று.